படிக்க முடியாமல் போன பந்துத் தடம்: பெங்களூரு களிமண் கோர்ட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

டென்னிஸ் ஆட்டத்தின் கடைசித் தீர்மானப் பகுதியான மேட்ச் டைபிரேக், 8-8. ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டே முக்கால். மூன்றாம் கோர்ட்டிலிருந்து ஒரு பையன் மட்டையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். நான் ஐந்தாம் கோர்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். போய்ச் சேர ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அந்தப் புள்ளி யாருக்குப் போகும் என்பது முந்தின நாள் ராத்திரியே பாதி முடிவாகிவிட்டிருந்தது. எனக்கு அது தெரிய வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது.

பெங்களூருவில் ஒரு பழைய கிளப். ஐந்து களிமண் கோர்ட். ஆண்களுக்கான 15,000 டாலர் சர்வதேசப் போட்டி; எங்கள் பேச்சில் எம்15. தொழில்முறை டென்னிஸின் முதல் படி இதுதான். அந்த 15,000 டாலர் ஒருவருக்குப் போகும் பரிசு இல்லை, வாரம் முழுக்க எல்லா ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்துப் பிரியும் தொகை. தகுதிச் சுற்றில் தோற்றவனுக்கு அதில் பங்கும் கிடையாது, ஏடிபி உலகத் தரவரிசைப் புள்ளியும் கிடையாது. தகுதிச் சுற்றைத் தாண்டி, 32 பேர் ஆடும் முதன்மைச் சுற்றிலும் ஓர் ஆட்டம் ஜெயித்தால்தான் ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளிக்காக சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் ரயிலேறி வருகிற பையன்களை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். கையில் மூன்று மட்டை, அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம், தங்குவதற்குச் சித்தப்பா வீடு.

தகுதிச் சுற்றின் முதல் நாளில் ஆட்டத்துக்கு ஒரு நடுவரை நாற்காலியில் உட்காரவைக்கும் வசதி இந்தப் படியில் இல்லை. அவரவர் பக்கத்தில் விழும் பந்தை அவரவரே உள்ளே, வெளியே என்று சொல்ல வேண்டும். என்னைப் போன்ற கோர்ட் சூப்பர்வைசர்கள் இரண்டு பேர் ஐந்து கோர்ட்டுக்கும் நடந்தபடி இருப்போம். தகராறு வந்தால் கூப்பிடுவார்கள்.

ஆடியவர்களின் பெயர் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. ஒருவன் கொங்குப் பக்கத்துப் பையன், பத்தொன்பது வயது. எதிரே ஆடியவர் வெளிநாட்டுக்காரர், நாலைந்து வயது மூத்தவர். முதல் செட் 4-6, இரண்டாவது 6-3. தகுதிச் சுற்றில் மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டைபிரேக்.

அந்தப் புள்ளியில் பையன் ஃபோர்ஹேண்டைக் குறுக்காக அடித்தான். பந்து தெற்கு முனையில் பேஸ்லைன் (பின்பக்க எல்லைக்கோடு) ஓரமாக விழுந்தது. எதிராளி உடனே சுட்டுவிரலைத் தூக்கி “அவுட்” என்றார். தயக்கம் இல்லை, குரலும் தெளிவு. பையன் தடத்தைக் காட்டச் சொன்னான். நடுவர் இல்லாத களிமண் ஆட்டத்தில் இதற்கு உரிமை உண்டு. வலையைத் தாண்டிப் போய்ப் பார்க்கலாம். நாற்காலியில் நடுவர் இருக்கும் ஆட்டத்தில் இதே காரியத்தைச் செய்தால் நடத்தை விதிமீறல் ஆகிவிடும். டிவியில் மட்டும் ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

எதிராளி ஒரு தடத்தைக் காட்டினார். பையன் அது இல்லை என்று சொல்லி, ஒன்றரை அடி தள்ளி இன்னொன்றைக் காட்டினான். அப்போதுதான் மட்டை மேலே போனது.

நான் போனதும் பையன் தமிழில் ஆரம்பித்தான்: “சார், நான் கிராஸ்லதான் அடிச்சேன். அவரு காட்டுற தடம் நேரா இருக்கு பாருங்க.” நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். ஒருவருக்குப் புரியாத மொழியில் மற்றவரிடம் பேசினால் அந்த நிமிடமே நடுநிலை போய்விடும். பையன் சட்டென்று புரிந்துகொண்டு, தடுமாறிய ஆங்கிலத்தில் அதையே திரும்பச் சொன்னான். ஊர்க்காரன் என்று நம்பி வாயைத் திறந்தவனை அப்படி அடக்கியது எனக்கு உறுத்தியது. அடுத்த முறையும் அப்படித்தான் செய்வேன்.

விதி இங்கே தெளிவாகவே இருக்கிறது. எது தடம் என்பதில் இருவரும் ஒத்துப்போய், அது உள்ளேயா வெளியேயா என்பதில் மட்டும் தகராறு என்றால், சூப்பர்வைசர் படித்துச் சொல்ல வேண்டும். எது தடம் என்பதிலேயே தகராறு என்றால், என்ன ஷாட், எந்தத் திசை என்று இருவரிடமும் கேட்டு அதை வைத்துத் தடத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்க வேண்டும். அப்படியும் பிடிபடவில்லை என்றால், அந்தப் பக்கத்து ஆட்டக்காரர் சொன்னதுதான் நிற்கும்.

என்ன ஷாட் என்பதில் தகராறே இல்லை. டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழலவிடும்) ஃபோர்ஹேண்ட், குறுக்காக வந்தது. இருவரும் அதைத்தான் சொன்னார்கள். எனவே குனிந்து பார்த்தேன்.

களிமண்ணில் பந்து விழுந்த தடம் வட்டப் பொட்டு மாதிரி இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பந்தின் குறுக்களவு ஆறரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அது அழுந்தி, வழுக்கி, எழும்பும்போது முட்டை வடிவத்தில் ஒரு பள்ளமும், போகும் திசையில் ஒரு வாலும் விழும். தட்டையாக அடித்த பந்துக்கு வால் நீளம். டாப்ஸ்பின் செங்குத்தாக இறங்குவதால் வால் குட்டை, பள்ளம் ஆழம். எதிராளி காட்டிய தடத்தின் வால் கோட்டுக்கு நேர் செங்குத்தாக ஓடியது. அது நேராக வந்த வேறு ஏதோ ஒரு பந்தினுடையது. பையன் காட்டியதன் வால் சாய்ந்து, வந்த திசையோடு பொருந்தியது. ஆக, தடம் எது என்பதில் பையன் சொன்னதே சரி. அதைச் சொன்னேன். எதிராளியும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

அடுத்த கேள்வி, அது கோட்டைத் தொட்டதா என்பது.

இந்தக் கோர்ட்டில் கோடு என்பது மண்ணில் ஆணி அடித்துப் பதித்த வெள்ளை பிளாஸ்டிக் நாடா. நாடாமேல் பந்து பட்டால் பள்ளம் விழாது. ஆகவே பார்க்க வேண்டியது, தடத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் தொடப்படாத மண் ஒரு கீற்றாவது தெரிகிறதா என்பதை. தெரிந்தால் வெளியே. தடம் நாடாவின் ஓரத்தோடு ஒட்டியிருந்தால் உள்ளே. சில சமயம் நாடாமேல் செம்மண் தீற்றல் இருக்கும், அதுவும் சாட்சி.

அங்கே கீற்றும் இல்லை, ஓரமும் இல்லை. கோட்டுப் பக்கம் இருக்க வேண்டிய தடத்தின் விளிம்பு உதிர்ந்து சரிந்து கிடந்தது. உலர்ந்த கடலை மாவில் விரலை அழுத்தி எடுத்தால் ஓரம் எப்படிச் சரியுமோ அப்படி. மேலே பொடி, அதற்குக் கீழேயும் பொடி. நாடாவே சிவந்து தூசி படிந்திருந்தது. புதுத் தீற்றல், பழைய தூசி என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அரை நிமிடம் மண்டியிட்டுப் பார்த்தேன். எதிராளி மூச்சு வாங்குவது காதில் விழுந்தது.

தடம் தெளிவில்லை, எனவே ஆட்டக்காரர் சொன்னதே நிற்கும் என்று அறிவித்தேன். 8-9. அடுத்த பந்தைப் பையன் வலையில் அடித்தான். 8-10. இருவரும் கை குலுக்கினார்கள். பையன் என்னிடமும் வந்து கை கொடுத்துவிட்டுப் போனான்.

அந்த முடிவு விதிப்படி சரி, இன்றும் அதில் மாற்றமில்லை. “ரீப்ளே கொடுத்திருக்கலாமே” என்று அன்று மாலையே இரண்டு பேர் கேட்டார்கள். கொடுக்க முடியாது. களிமண்ணில், அவுட் என்று சொன்னவரே பிறகு தவறு என்று உணர்ந்தால் அந்தப் புள்ளி அவர் கையை விட்டுப் போகும். தடத்தை அழித்தவரும் புள்ளியை இழப்பார். ஆனால் தடம் படிக்க முடியவில்லை என்பதற்காகப் புள்ளியைத் திரும்ப ஆடச் சொல்ல எந்த விதியும் எனக்கு இடம் தரவில்லை.

ஆட்டக்காரர்களாகப் பார்த்துப் பெருந்தன்மை காட்டியதற்கு உதாரணம் உண்டு. 1982 ஃபிரெஞ்சு ஓப்பன் அரையிறுதியில், மேட்ச் பாயின்டில் ஜோஸே லூயிஸ் கிளெர்க் அடித்த பந்தை அவுட் என்று சொல்லி, ஆட்டம் முடிந்ததாக அறிவித்தும் விட்டார்கள். பதினேழு வயது மாட்ஸ் விலாண்டர், பந்து உள்ளேதான் விழுந்தது, இப்படி ஜெயிக்க மாட்டேன் என்று நடுவரிடம் போய் நின்றார். புள்ளியைத் திரும்ப ஆடினார்கள், அதையும் அவரே எடுத்தார், பிறகு பட்டத்தையும் வென்றார். ஆனால் விலாண்டருக்குப் பந்து உள்ளே என்று தெரிந்திருந்தது. எங்கள் கோர்ட்டில் எதிராளி வெளியே என்று உண்மையாகவே நம்பினார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியருகே வந்தான். இப்போது தமிழில் பேசலாம். “சார், கோவமா கேக்கல. அது உள்ளயா, வெளியயா? உங்களுக்கு என்ன தோணுச்சு?”

“தெரியலப்பா. படிக்க முடியல.”

“தடம் இருந்துச்சே சார்.”

தடம் இருந்தது, ஓரம் இல்லை என்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “அந்தப் பக்கம் செகண்ட் செட்லயே கால் ரொம்ப வழுக்குச்சு சார், மணல்ல ஓடுற மாதிரி” என்றான். போய்விட்டான். இந்த ஆய்வு அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்கியது. ஏனென்றால் காலையில் ஐந்து கோர்ட்டையும் பார்த்து, ஆடத் தகுதி என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

ராத்திரி தண்ணீர்

கோர்ட்டுகளைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் திருவண்ணாமலைப் பக்கம். முப்பது வருஷத்துக்கு மேலாக பெங்களூருவின் அல்சூரில் குடியிருக்கிறார். கிளப்பில் எல்லோரும் ‘மாலி’ (தோட்டக்காரர்) என்பார்கள்; நான் அண்ணே என்று கூப்பிடுவேன். கடைசி ஆட்டம் முடிந்ததும் அவரை மூன்றாம் கோர்ட்டுக்கு அழைத்துப் போனேன். தெற்கு முனையைக் காட்டுவதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்:

“இந்தாண்ட அச்சு விழாது தம்பி. மாவு மாதிரி கீது.”

தடத்துக்கு அவர் சொல்லும் பெயர் அச்சு. அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது.

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரால் வடக்கு முனையில் பேஸ்லைனுக்குப் பின்னால் குத்தினார். அரை விரற்கடை போனதும் ஈரமண், கறுத்த சிவப்பு, திருகி எடுத்தால் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. தெற்கு முனையில் அதே ஆழத்தில் வெளுத்த தூள். இரண்டு விரற்கடை போன பிறகுதான் மண் கொஞ்சம் இறுகியது, அங்கேயும் ஈரம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

களிமண் கோர்ட் எப்படி வேலை செய்கிறது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். ஃபிரெஞ்சு ஓப்பன் நடக்கும் பாரிஸின் ரோலண்ட் கரோஸ் கோர்ட்டைப் பார்த்து, அது முழுக்கச் செங்கல் தூள் என்று நினைப்பார்கள். மேலே இருக்கும் செங்கல் தூள் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே ஆறேழு சென்டிமீட்டர் நொறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல், அடுத்து நிலக்கரிக் கசடு, அடுத்து சரளை, அடியில் பெருங்கல். பந்து எழும்புவது அந்தச் சுண்ணாம்புப் படுகையின் பலத்தில். தூள் காலை வழுக்க விடவும் அச்சு விழவும் மட்டுமே. தண்ணீரைப் பிடித்துவைத்திருப்பதும் அந்தப் படுகைதான். ராத்திரி நன்றாகக் குடித்த ஈரம் பகலில் மெல்ல மேலேறி மேல் தூளைப் பிடித்து வைக்கும். ஆட்டங்களுக்கு நடுவில் ஹோஸால் தெளிப்பது முகம் கழுவுகிற மாதிரி. தாகம் அதில் தீராது.

நம் ஊர்க் கோர்ட்டுகளில் சுண்ணாம்புக்கல் படுகைக்குப் பதில் ஜல்லி, மொரம் (செம்மண் சரளை), அதன்மேல் களியும் செங்கல் தூளும் கலந்து இறுக்கிய மண். தத்துவம் ஒன்றே. “ராத்திரி குடிக்காத மண்ணு பகல்ல பொடியத்தான் கக்கும்” என்பார் அண்ணன்.

சரி, சனிக்கிழமை ராத்திரி தெற்கு முனை ஏன் குடிக்கவில்லை?

2024 மார்ச்சில் பெங்களூருவில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, குடிநீரில் கார் கழுவவும் தோட்டத்துக்குப் பாய்ச்சவும் குடிநீர் வாரியம் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். காவிரித் தண்ணீரே இந்த ஊருக்கு நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டில் ஏற்றி வருகிறது. அந்தக் கோடைக்குப் பிறகு கிளப் ஒரு நல்ல முடிவு எடுத்தது: கோர்ட்டுக்குக் குடிநீர் கிடையாது, சுத்திகரித்த கழிவுநீரை டேங்கரில் வாங்குவது. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அல்சூர் சந்துகளில் குடத்தோடு நிற்கிற பெண்களைப் பார்த்தவன், டென்னிஸ் கோர்ட்டுக்குக் காவிரித் தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாது.

ஆனால் டேங்கருக்கு ஒரு நேரம் உண்டு. வழக்கமாக ராத்திரி பத்துக்கு வந்துவிடும். அன்று வந்தது விடியற்காலை நாலரைக்கு. ஏழு மணிக்குப் பயிற்சிக்கு ஆட்டக்காரர்கள் இறங்கிவிடுவார்கள். நாலரைக்கு முழுக்கப் பாய்ச்சினால் ஏழு மணிக்குக் கோர்ட் சேறு. ஒருவன் வழுக்கி முழங்காலைத் திருகிக்கொண்டால் போச்சு. அண்ணன் கணக்குப் போட்டார். ஒன்றும் இரண்டும் முக்கியக் கோர்ட், அதற்குப் பாதி அளவு. மற்றவற்றுக்குக் கிடைத்த மட்டும். மூன்றாம் கோர்ட்டின் குழாய் வடக்கு வேலியோரம் இருக்கிறது. அதிலிருந்து தெற்கு முனைக்கு ஹோஸ் எட்ட வேண்டுமானால் இன்னொரு துண்டை இணைக்க வேண்டும், அந்த இணைப்பு ஒழுகும், அழுத்தம் போய்விடும். கோர்ட் மட்டுமே கிட்டத்தட்ட 24 மீட்டர். பின்னால் ஓடும் இடத்தையும் சேர்த்தால் முப்பத்தாறுக்கு மேல். வடக்குப் பாதி நனைந்தது. தெற்கு முனைக்கு நேரமும் இல்லை, தண்ணீரும் இல்லை.

“யார்கிட்டயாவது சொன்னீங்களாண்ணே?”

“ஆபீஸ்ல சொன்னேன் தம்பி. சரி, பாத்துக்கலாம்னாங்க.”

ஆபீஸ் யாரிடமும் சொல்லவில்லை. அவரும் என்னைத் தேடி வந்து சொல்லவில்லை, ஏனென்றால் மாலி நடுவரிடம் நேரே வந்து பேசுகிற வழக்கம் அங்கே இல்லை. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோர்ட்டைப் பற்றி அங்கே மற்ற எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர், சொல்ல வேண்டியதைச் சொல்ல ஒரு மேஜைக்கு முன்னால் நின்று காத்திருக்க வேண்டியிருந்தது.

மர நிழல்

என் பங்கு இனி. காலை எட்டே முக்காலுக்கு நான் கோர்ட்டுகளைப் பார்த்தேன். மூன்றாம் கோர்ட்டின் வாசல் வடக்குப் பக்கம். வாசலையொட்டி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், பதினொரு மணி வரைக்கும் அந்தப் பாதியில் நிழல். மண் கறுத்து, ஈரமாக, அழகாக இருந்தது. நான் வாசலுக்கு உள்ளே நாலடி போய், ஷூவால் தேய்த்துப் பார்த்து, கோடுகளைப் பார்த்து, வலையின் நடு உயரத்தை அளந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். தெற்கு முனை வரை நடக்கவில்லை. தூரத்திலிருந்து பார்க்கையில் அது வெளிறித் தெரிந்தது, வெயில் படுவதால் என்று நினைத்துக்கொண்டேன். வெளிறிய சிவப்பு என்றால் உலர்ந்த மண் என்று புதிதாக வரும் நடுவர்களுக்குச் சொல்லித் தருகிறவன் நான். நாற்பது தப்படி நடந்திருந்தால் ஆட்டத்தை வேறு கோர்ட்டுக்கு மாற்றியிருப்பேன், இல்லை அரை மணி நேரம் தள்ளிவைத்துத் தண்ணீர் விடச் சொல்லியிருப்பேன். அறிக்கையில் இதை முதல் பத்தியிலேயே எழுதினேன்.

பெங்களூருவின் மார்ச் மாதத்தை வெளியூர்க்காரர்கள் சரியாக எடைபோடுவதில்லை. சென்னை மாதிரி வேர்க்காது, அதனால் வெயில் குறைவு என்று தோன்றும். காற்று வறண்டது என்பதால்தான் வேர்வை உடம்பில் தங்குவதில்லை. அதே காற்று கோர்ட்டையும் உறிஞ்சும். ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே. உயரமான ஊர்களுக்கென்று தனிப் பந்து உண்டு, அது 1,219 மீட்டருக்கு மேலே உள்ள ஊர்களுக்குத்தான். இங்கே சாதாரணப் பந்துதான். ஆனாலும் கடலோர ஊர்களைவிடப் பந்து கொஞ்சம் விரைந்து பறக்கும், பேஸ்லைன் ஓரத்தில் விழும் பந்துகள் கூடும். தகராறு வரும் இடமும் அதுவே, மண் முதலில் காய்ந்து போகும் இடமும் அதுவே.

இன்னொரு காரணமும் இருந்தது, அதை அண்ணன் கடைசியாகத்தான் சொன்னார். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு, புகைப்படத்தில் கோர்ட் நன்றாகச் சிவந்து தெரிய வேண்டும் என்று மேலே கூடுதலாகச் செங்கல் தூள் தூவச் சொல்லியிருந்தார்கள். தூவினால் நனைத்து ரோலர் போட்டு, திரும்ப நனைத்து, சில நாள் விட்டு இறுக்க வேண்டும். அதற்கு அவகாசம் தரவில்லை. ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் நகத்தை வைத்துப் பார்த்தால் பாதி நகம் புதைந்தது. ஈரம் இருந்த வடக்குப் பாதியில் அது ஒட்டிப் பிடித்துக்கொண்டது. தெற்கில் அப்படியே தளர்ந்து கிடந்தது. மேட்ச் டைபிரேக்குக்கு முன்னால் கோட்டைப் பெருக்கவும் இல்லை. லைன் பிரஷ் இரண்டு, கோர்ட் ஐந்து. அந்த நேரத்தில் இரண்டும் வேறு கோர்ட்டுகளில் இருந்தன.

இதெல்லாம் ஊகமாக நின்றுவிடக் கூடாது என்பதற்காக அன்று சாயங்காலமே ஒரு சோதனை செய்தோம். தெற்கு முனையில் பேஸ்லைன் ஓரமாக இரண்டு கெஜம் இடத்தில் மிச்சத் தூளைப் பெருக்கி எடுத்துவிட்டு, இரண்டு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, உறிஞ்ச விட்டு, சாக்கால் இழுத்துச் சமப்படுத்தினார் அண்ணன். பக்கத்து இடத்தை அப்படியே விட்டோம். எதிர்ப் பக்கத்திலிருந்து நான் ஒரு கூடைப் பந்தைக் குறுக்காக அடித்தேன். நனைந்த இடத்தில் அச்சு ஆழமில்லை, ஆனால் விளிம்பு பிளேடால் கீறியது போல நின்றது. கோட்டைத் தொட்ட பந்து எது, தொடாதது எது என்று குனியாமலே சொல்ல முடிந்தது. உலர்ந்த இடத்தில் ஒரு பந்துக்கும் சரியான விளிம்பு இல்லை. இரண்டு தடங்களில் வால் மட்டும் இருந்தது, தலை கரைந்துபோயிருந்தது. ஒரு பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததை அண்ணன் கண்ணால் பார்த்தார். தடம் கோட்டைத் தொட்டது போலக் காட்டியது, ஏனென்றால் தெறித்த தூள் இடைவெளியை மூடிவிட்டது. படிக்க முடியாதது ஒரு ஆபத்து என்றால், தப்பாகப் படிக்க வைப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

கேமரா வைத்திருந்தால்?

இந்த நிகழ்வைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது இது. ஏடிபி டூர் போட்டிகளில் 2025 முதல் களிமண்ணிலும் மின்னணுக் கோட்டுத் தீர்ப்பு வந்துவிட்டது. அந்த வசந்தத்தில் மாட்ரிட்டில் ஜெர்மன் ஆட்டக்காரர் ஸ்வெரெவ், இயந்திரம் உள்ளே என்று சொன்ன பந்தின் தடத்தைத் தன் கைபேசியில் படம் எடுத்து எச்சரிக்கை வாங்கினார். இயந்திரம் பந்தைப் பார்க்கிறது, ஆட்டக்காரர் மண்ணைப் பார்க்கிறார், இரண்டும் ஒத்துப்போகாதபோது மண்ணை நம்புவது களிமண் ஆட்டக்காரர்களின் ரத்தத்தில் ஊறியது. ரோலண்ட் கரோஸ் 2025-இலும் கோட்டு நடுவர்களையே வைத்துக்கொண்டது.

எம்15-இல் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வாரப் பரிசு மொத்தமும் 15,000 டாலர் என்கிற இடத்தில் கோர்ட்டுக்குக் கோர்ட் கேமரா நடக்காது. இங்கே சாட்சி மண் மட்டும்தான். அதைத் தயார் செய்பவர் ராத்திரி ஹோஸ் பிடிப்பவர். நடுவரின் வேலை அவர் எழுதியதைப் படிப்பது. இதை நான் இத்தனை வருஷ அனுபவத்தில் தெரிந்துவைத்திருக்க வேண்டும், அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இவ்வளவு கூர்மையாகத் தெரியவில்லை.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்றால், இந்தியாவில் ஆண்களுக்கான களிமண் வாரங்கள் குறைவு. எம்15-ஐவிட மேல் படியான சேலஞ்சர் போட்டியே பெங்களூருவில் சிமென்ட் கோர்ட்டில்தான். 2018-இல் சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் ஜெயித்தது அங்கேதான். ஆனால் வசந்தத்திலும் கோடையிலும் ஐரோப்பாவில் போய்ப் புள்ளி தேட வேண்டுமென்றால் பெரும்பாலும் களிமண். நம்மவர்களுக்கு மண் வராது என்பதும் உண்மை இல்லை. 1979-இல் ஃபிரெஞ்சு ஓப்பன் ஜூனியர் பட்டம் ரமேஷ் கிருஷ்ணனுக்கு. 1993 டேவிஸ் கோப்பையில் ஃபிரான்ஸை அவர்கள் ஊரிலேயே, ஃப்ரெஜுஸ் களிமண்ணில், 3-2 என்று இந்தியா சாய்த்தபோது ஐந்தாவது ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்ததும் அவரே. 2024-இல் சுமித் நாகல் மான்டி கார்லோவில் தகுதிச் சுற்றைத் தாண்டி முதன்மைச் சுற்றிலும் ஓர் ஆட்டம் வென்றார். கொங்குப் பையன் மாதிரி பிள்ளைகள் மண்ணில் கால் வழுக்கி நிற்கக் கற்றுக்கொள்ள இங்கே கிடைப்பது இந்த மாதிரி ஒன்றிரண்டு வாரம். அந்த மண் சரியாக இருக்க வேண்டும்.

பிறகு செய்தவை

ஞாயிறு ராத்திரியே போட்டியின் தலைமை அதிகாரியான ரெஃபரியிடம் அறிக்கை கொடுத்தேன். அவர் திங்கட்கிழமை மூன்றாம் கோர்ட்டை முழுக்க மூடினார். ஆட்ட அட்டவணை நீண்டது, சாயங்கால வெளிச்சம் போகும் வரை ஆடினார்கள், இரண்டு ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளியது. ஆட்டக்காரர்களின் முணுமுணுப்பைத் தாங்கிக்கொண்டார். அவர் அப்படி நின்றதை நான் மறக்க மாட்டேன்.

அண்ணனும் இரண்டு பையன்களும் தெற்கு முனையின் உபரித் தூளைப் பெருக்கி எடுத்தார்கள். ஏழு சாக்கு வந்தது. பகலில் ரோலர். ராத்திரி டேங்கர் வந்ததும் முதல் தண்ணீர் மூன்றுக்கு, அதிலும் தெற்கிலிருந்து தொடங்கி. ஒழுகும் இணைப்புக்குப் பதிலாக ஜே.சி. ரோட்டிலிருந்து புதிதாக ஒரே நீளத்தில் ஹோஸ் வாங்கி வந்தோம். செட்டுக்குச் செட் தெளிப்பு, கோட்டுக்குக் கோடு பெருக்கல், லைன் பிரஷ் ஐந்து. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது, தினமும் காலை எட்டு மணிக்கு அண்ணனும் ரெஃபரியும் நானும் சேர்ந்து ஐந்து கோர்ட்டையும் சுற்றி வர வேண்டும் என்று ரெஃபரி வைத்த ஏற்பாடு. முதல் நாள் அண்ணன் எங்களுக்குப் பின்னால் நடந்தார். ரெஃபரி நின்று, அவரை முன்னால் போகச் சொன்னார்.

புதன்கிழமை முதன்மைச் சுற்றில், மூன்றாம் கோர்ட்டின் அதே முனையில், அதே பேஸ்லைன் ஓரம் ஒரு தகராறு வந்தது. நாற்காலி நடுவர் இறங்கிப் போனார், குனிந்தார், உள்ளங்கையைத் தரைக்குச் சமமாகக் காட்டினார், திரும்பி ஏறினார். அவுட் என்று கோட்டு நடுவர் சொன்னது தவறு, பந்து உள்ளே. ஆட்டக்காரர் எதிர்ப் பேச்சுப் பேசவில்லை, ஏனென்றால் அவர் நின்ற இடத்திலிருந்தே அது தெரிந்தது. வேலிக்கு வெளியே நின்றிருந்த அண்ணன் என்னைப் பார்த்தார்.

“அச்சு விழுந்துடுச்சு” என்றார்.

கொங்குப் பையனின் ஆட்டம் பதிவேட்டில் 4-6, 6-3, 8-10 என்றுதான் இருக்கிறது. அவனுக்கு ஒரு கடிதம் எழுதி, எங்கள் சோதனையில் தெரிந்ததையும், காலையில் நான் நடக்காமல் விட்ட நாற்பது தப்படியையும் சொன்னேன். நன்றி சார் என்று ஒரு வரி பதில் வந்தது. கூடவே, அடுத்த களிமண் வாரம் இங்கே எப்போது என்றும் கேட்டிருந்தான்.

முதல் மழைக்கு முன்னால் தெற்கு வேலியோரம் தனிக் குழாய் வந்துவிட்டது. காலைப் பார்வைத் தாளில் இப்போது கோர்ட்டுக்கு இரண்டு கட்டம், வடக்கு, தெற்கு. மாலிக்கும் ஒரு கையெழுத்து இடம் உண்டு, அவருடையது மேலே.